மாப்ளேக்கு, சத்துவாச்சாரியிலிருந்து

சத்துவாச்சாரி,
20-1-2026

மாப்ளே,

தீபாவளிக்குப் போட்டிருக்க வேண்டிய கடிதம், பொங்கல் கரும்பைத் தின்று துப்பின பிறகு வருகிறது. திட்டுவதையெல்லாம் இந்தப் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இது கட்டைவிரல் சமாசாரம் இல்லை.

தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? மருமகன் இன்னும் குழம்பில் குறை கண்டுபிடிக்கிறாரா? குண்டனுக்கு இரண்டாவது பேரன். மூன்றே முக்கால் கிலோ. தாத்தாவைப் போலவே கோல் கம்பத்தை அடைத்துக்கொண்டு நிற்பான், பந்து மட்டும் உள்ளே போகும்.

சின்னவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்டா. அமெரிக்காவில், சம்பளத்துக்கு ஆடுகிற கால்பந்து ஆட்டக்காரனாக. ஒரு வருஷ ஒப்பந்தம். அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வதா இல்லையா என்பது கிளப் இஷ்டம், இவன் இஷ்டம் இல்லை. யூ.எஸ்.எல். லீக் ஒன் என்று பெயர். பெயரில்தான் ஒன்று, தட்டு மூன்றாவது. மேலே எம்.எல்.எஸ்., அதற்குக் கீழே யூ.எஸ்.எல். சாம்பியன்ஷிப், அப்புறம் இது. "மெஸ்ஸி கூட ஆடுவானா?" என்று கேட்டுவிடாதே. தெருவில் ஏற்கெனவே நாலு பேர் கேட்டாச்சு.

ஸ்காலர்ஷிப்பில் போனான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, அதன் லட்சணத்தைக் கேள். அவன் சேர்ந்தபோது அங்கே கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான முதல் டிவிஷனில் ஆண்கள் கால்பந்துக்கு ஒரு கல்லூரி கொடுக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் மொத்தம் 9.9. அந்தப் புள்ளி ஒன்பதை எங்கிருந்து வெட்டினார்களோ. அதை இருபத்தைந்து, முப்பது பையன்களுக்குப் பங்கு போட வேண்டும். நம்மாளுக்கு வந்தது பாதிக்குக் கொஞ்சம் மேல், சாப்பாடும் சேர்த்து. மீதிக்கு வாங்கின கடனில் இன்னும் பதினோரு லட்சம் நிற்கிறது.

அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை. ஆகஸ்டிலிருந்து சீசன் முடியும் வரை, வாரத்தில் இரண்டு நாள், பால்காரருக்கு முன்னாடி நான் எழுந்துவிடுவேன். உன் தங்கச்சி தலைமாட்டில் டார்ச் எரியாமல் ஹாலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பது. காலேஜ் ஆட்டத்தில் கடிகாரம் 45-இலிருந்து பின்னோக்கி ஓடும். வெளியே போனவன் இரண்டாம் பாதியில் திரும்ப உள்ளே வரலாம். நமக்கு அந்தச் சட்டம் இருந்திருந்தால் அரக்கோணத்தில் உன்னை அடித்து வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள், சரி விடு.

முதல் வருஷம் முழுக்க எனக்கு அவன்மேல் கோபம். பந்து காலுக்கு வந்தால் இரண்டு தொடுதல், உடனே பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பாலாற்று மணலில் மூன்று பேரை வெட்டிவிட்டுப் போனவனா இவன்? இதற்கா விமானம் ஏற்றினேன்? அப்புறம் ஒருநாள் பந்தை விட்டுவிட்டு அவன் தலையை மட்டும் பார்த்தேன். பந்து இன்னும் வழியில் இருக்கிறது, அதற்குள் வலது தோளுக்கு மேல் ஒரு திரும்பல், இடது தோளுக்கு மேல் ஒரு திரும்பல். கிரீன் சர்க்கிளில் நாம் ரோடு தாண்டுகிற மாதிரி! பின்னால் எவன் வருகிறான், எந்தப் பக்கம் காலி என்பதைப் பந்து வந்து சேருமுன்பே கணக்குப் போட்டுவிடுகிறான். நடுக்களத்து ஆட்டம் கழுத்தில் இருக்கிறது மாப்ளே, காலில் இல்லை. நம் பி.டி. மாஸ்டர் "தலைய தூக்குடா எருமை" என்று கத்தினதெல்லாம் இதற்குத்தானா? பாவம், எருமை என்று சொன்னாரே தவிர எதற்கு என்று சொல்லவில்லை.

டிசம்பரில் எம்.எல்.எஸ். சூப்பர் டிராஃப்ட். ஒவ்வொரு அணியாகப் பையன்களைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். மூன்று சுற்றும் முடிந்தது, இவன் பெயர் வரவில்லை. அங்கே ஓர் அணிக்கு வெளிநாட்டுக்காரர் இடம் அடிப்படையில் எட்டுதான். அதில் ஒன்றைக் காலேஜ் பையனுக்கு, அதுவும் காட்பாடியில் ரயில் ஏறினவனுக்கு, எவன் செலவழிப்பான்?

அன்றைக்குப் போனில் அவனே எனக்குத் தைரியம் சொன்னான். ஜாக் ஹாரிசன் கதை. பதினாலு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியை விட்டுவிட்டு, அம்மா பேச்சைக் கேட்டு மாசசூசெட்ஸுக்குப் பள்ளிக்கூடம் படிக்கப் போன இங்கிலாந்துப் பையன். வேக் ஃபாரஸ்ட்டில் ஒரே ஒரு சீசன். 2016 டிராஃப்டில் முதல் பெயர் அவனுடையது. சிகாகோ எடுத்து, அன்றைக்கே நியூயார்க் சிட்டிக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து மான்செஸ்டர் சிட்டி வழியாக லீட்ஸ். 2022-இல் சீசனின் கடைசி நாள், கடைசி நிமிஷத்தில் அவன் போட்ட கோலில் லீட்ஸ் ஜெயித்தது, பிரீமியர் லீக்கிலும் தப்பித்தது. "அவன் முதல் ஆளா போனவன், நீ பேரே வராதவன்டா" என்றேன். "அதான்பா, நான் கீழேர்ந்து ஏறணும்" என்கிறான். என்ன சொல்வது?

ஜனவரியில் இந்தக் கிளப்பில் பத்து நாள் டிரயல். ஒப்பந்தம். வீடு நாலு பேருக்கு ஒன்று. ஆட்டக்காரர்களுக்கான P-1 விசாவுக்குக் கிளப்தான் விண்ணப்பிக்க வேண்டும். படித்த படிப்புக்கு ஓ.பி.டி. என்று ஒரு வருஷ வேலை அனுமதி, இவன் பாடத்துக்கு மேலும் இரண்டு வருஷம் கிடைக்கும். டல்லாஸில் ஓர் ஆபீஸ் கூப்பிட்டும்விட்டது. இங்கே அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டதிலிருந்து எங்கள் ஷூ யூனிட்டில் ஓவர்டைம் கிடையாது. இந்த நேரத்தில் பையன் டல்லாஸ் வேண்டாம், பந்து போதும் என்கிறான். திரும்பி வந்து ஆடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. போன ஜூலையில் நம் நாட்டுப் பெரிய லீக், ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்தார்கள், பார்த்தாயே.

அதனால் கேட்டேன். "பந்து சோறு போடுமாடா?"

"நாலு வருஷமா போட்டுச்சேப்பா," என்றான்.

போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை என்னுடையது இல்லை மாப்ளே, உங்கப்பாவுடையது. 1987. இன்டர் காலேஜ் மேட்ச் பார்த்துவிட்டு மெட்ராஸ் கிளப்காரர் ஒருத்தர் உன்னைக் கூப்பிட்டுவிட்டுப் போனாரே, அதற்கு அடுத்த வாரம். கோட்டைக்கு எதிரே டீக்கடையில் உங்கப்பா என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ கூட ஆடறவன், சொல்லு கண்ணு, பந்து சோறு போடுமா?" நான் சொன்னேன்: "போடாது மாமா. பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க." அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் நீ ஷூவைக் குண்டனுக்குக் கொடுத்தாய்.

உங்கப்பா பிடிவாதக்காரர் என்று இத்தனை வருஷம் நீ சொல்லும்போதெல்லாம் நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அவர் காரியத்துக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் சொல்லவில்லை. நீ மேனேஜராக ரிட்டையர் ஆனாய், பென்ஷன் வருகிறது, வீடு கட்டினாய் என்று கணக்குச் சொல்லிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. தூக்கம்தான் வரவில்லை.

சின்னவன் உன் நம்பரைக் கேட்கிறான். இடது காலால் குறுக்கே தூக்கிப் போடுவாயே, அதைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம். கூடவே, "மாமா ஏன் மெட்ராஸ் போகல?" என்றும் கேட்பான், எனக்குத் தெரியும். கொடுக்கவா வேண்டாமா, ஒரு வரி எழுது. திட்டுவதென்றால் போனிலேயே திட்டு. கட்டைவிரல் வந்தால் பிளாக் செய்துவிடுவேன்.

உன்,
மாப்ளே

பி.கு.: குண்டன் பையன் அடுத்த வாரம் கோயம்புத்தூர் வருகிறான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். போன தடவை மாதிரி சாம்பாரில் போட்டுப் பாழாக்காதே என்று தங்கச்சியிடம் சொல். எண்ணெயில் வதக்கச் சொல்.