மாணவர் கேட்கும் முதல் கேள்வி

ஆசிரியருக்கு,

கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதவே வரவில்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். நானும் வகுப்பெடுப்பவள்தான். கதையைக் கொடுத்த கையோடு 'ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?' என்று நாம் கேட்டுவிட்டால் அவர்கள் கதையை மூடிவிட்டு நோட்ஸைத் தேடிப் போகிறார்கள், அப்புறம் எல்லா விடைத்தாளிலும் ஒரே பத்தி.

இப்போதெல்லாம் நோட்டில் நடுவே கோடு போடச் சொல்கிறேன். இடப்பக்கம் மனதில் தைத்த வரி, வலப்பக்கம் அதைப் படித்தபோது தோன்றியது. ஒரு மாணவி, 'இந்த அம்மா ஏன் கடைசிவரை வாயே திறக்கவில்லை?' என்று மட்டும் எழுதியிருந்தாள். எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். திரும்பப் படித்து, அம்மா கதவோரம் நிற்கும் மூன்று இடங்களைக் காட்டினாள், அதுவே இரண்டு பக்கக் கட்டுரையாக வளர்ந்தது, முழுக்க அவள் சொற்களில்.

இஷ்டத்துக்குப் பொருள் சொல்ல விடுவதா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. வாசகரும் பிரதியும் (அதாவது, படிக்கும் எழுத்தும்) சேரும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது என்று 1938-லேயே வாதிட்ட அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட்டும் பிரதி தாங்காத வாசிப்பை ஏற்கவில்லை.

அந்த நோட்டுக்கும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் கொடுங்கள்.

– ஒரு கல்லூரி ஆசிரியை