உன் அப்பாவின் பிளேரோ

சார்செல், பிரான்ஸ்,
நவம்பர் 9

அன்புள்ள தேவா,

பொங்கலுக்குப் புதுச்சேரிக்கு வந்திருந்தபோது உன் அப்பாவின் பிளேரோவை, அந்தச் சவர பிரஷை, பழைய கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தாய். பத்து மாதம் ஆகிவிட்டது. நீ தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையில் வேலை ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அதைப் பிரித்தபோது தெரியவந்த ஒரு விஷயத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே நீ கோபப்படுவாய். கடிதமென்றால் முழுவதும் படித்தாக வேண்டும்.

வீட்டில் எல்லோரும் நலம். இவளுடைய முழங்கால் வலி ஊசி போட்ட பிறகு குறைந்திருக்கிறது. பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான். அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன், விசாரித்ததாகச் சொல். குண்டுமணி அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தானா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் குளியலறை அலமாரியில் இப்போது ஒன்பது பிரஷ்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை பாரிசின் வான்வ் சந்தையில் கிடைத்தவை. சனி, ஞாயிறு காலைகளில் 13ஆம் எண் மெட்ரோவில் போய் இறங்கினால் நடைபாதை நெடுகப் பழைய சாமான்களைப் பரப்பியிருப்பார்கள். சீக்கிரம் போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் மூட்டை கட்டிவிடுவார்கள். கரண்டி, கடிகாரம், பதக்கம் என்று குவிந்து கிடப்பதற்குள் ஒரு பிரஷின் தலை தெரிந்தால் போதும், எனக்கு நெஞ்சு படபடக்கும்.

வளைக்கரடி, அதாவது பேட்ஜர் என்னும் வளை தோண்டும் மிருகத்தின் முடியை ‘ப்யூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்று தரம் பிரிக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு பட்டறையின் ‘பெஸ்ட்’ இன்னொரு பட்டறையின் ‘சூப்பரை’ விட நன்றாக இருக்கும். பாரிசில் 1808இல் தொடங்கிய பிளிசோன் பட்டறையோ சீனச் சாம்பல், ருஷ்யச் சாம்பல், ஐரோப்பிய வெள்ளை என்று தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. அதனால் நான் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஈரப்படுத்தி, கன்னத்தில் வட்டமாக நான்கு சுற்றுச் சுற்றினால் எல்லாம் தெரிந்துவிடும்.

முடியின் நுனியும் அடியும் வெளுத்து நடுவில் கறுப்பாக இருந்தால் மூன்று பட்டை. நுனி வெளுத்து, அதன்கீழ் அடிவரை கறுப்பாக இருந்தால் இரண்டு பட்டை. என்னிடம் இருக்கும் மூன்று பட்டைப் பிரஷ் பூனைக்குட்டி உரசுவதுபோல் இருக்கும். ஆனால் அழுத்தினால் சாய்ந்துவிடும், சோப்புக் கட்டியிலிருந்து நுரையைக் கிளப்ப நேரம் பிடிக்கும். இரண்டு பட்டையில் முதுகெலும்பு இருக்கிறது, நுனி மட்டும் மெத்தென்று படும். இப்போது என் மனத்துக்கு மிகவும் பிடித்தது லண்டனில் 1919இல் ஆரம்பித்த சிம்ப்சன் பட்டறையின் ‘சப்பி 2’. குட்டையாக, கைக்குள் அடங்கும் உருண்டை. முடிக்கொத்து அவ்வளவு நெருக்கம், விரலால் பிரித்தால்கூட அடி தெரியாது. நுரை முழுவதையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, லேசாக அழுத்தும்போது மட்டும் கொடுக்கும். மூன்று தடவை சவரம் செய்தாலும் மிச்சம் இருக்கும்.

நல்ல பட்டறைகளில் முடியைக் கத்தரிப்பதே கிடையாது. ஒரு சின்னக் கிண்ணத்தில் நுனியைக் கீழாக வைத்துத் தட்டித் தட்டி இறக்குவார்கள். கிண்ணத்தின் குழிவே பிரஷின் தலைக்கு வடிவம் தருகிறது. அப்படியே கட்டிப் பசையில் நிறுத்துவார்கள். மலிவானவற்றில் கட்டிய பிறகு கத்தரியால் வெட்டி உருட்டுகிறார்கள். இயற்கையான கூர்நுனி போய்விடுவதால்தான் அவை கன்னத்தில் குத்துகின்றன. அப்படி ஒன்றை வாங்கி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு ஷூ துடைக்கப் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உன் அப்பாவின் பிரஷை இந்த ஒன்பதோடும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். பார்த்த முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது.

கொத்து கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஜெர்மனியிலிருந்து நல்ல வளைக்கரடிக் கொத்து ஒன்று வரவழைத்து அந்தப் பிடியில் பொருத்திக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். கொத்தும் வந்து சேர்ந்தது. பழையதை மெல்ல அசைத்ததும் கையோடு வந்துவிட்டது. உதிர்ந்த ஒரு முடியை வெள்ளைத் தாளில் வைத்து, இவளுடைய தையல் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வளைக்கரடி முடி நடுவில் தடித்து நுனியில் ஊசிபோல் மெலியும். இது அடியிலிருந்து ஒரே தடிமன். நுனி மூன்றாகக் கிளைத்திருந்தது. கொத்தின் வெளிச்சுற்றில் தெரிந்த அந்தக் கறுப்புப் பட்டை உள்ளே இருந்த முடிகளில் இல்லவே இல்லை. அது சாயம்.

தேவா, அது பன்றி முடி.

பிடியின் அடியில் தேய்ந்துபோன எழுத்துகள் இருந்தனவே, நினைவிருக்கிறதா? உன் அண்ணன் ‘ப்யூர் சுவா’ என்று படித்து, சுத்தப் பட்டு என்று நமக்கு அர்த்தம் சொன்னார். சரியாகத்தான் படித்திருக்கிறார். பிரெஞ்சில் சுவா என்றால் பட்டு. பன்றியின் விறைத்த முடிக்கும் அதே சொல்தான். பட்டறைக்காரன் ஒளிக்கவில்லை, அடியிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

இங்கேதான் நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். உன் அப்பா நம்மை ஏமாற்றிவிட்டாரா என்று ஒரு நாள் முழுக்க எனக்கே மனம் கனத்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் ஒருநாளும் வளைக்கரடி என்று சொன்னதில்லை. ‘என் பிளேரோவைத் தொடாதீர்கள்’ என்பார், அவ்வளவுதான். இங்கே எந்த முடியில் செய்திருந்தாலும் சவர பிரஷுக்குப் பெயர் பிளேரோ. அது ஒரு மிருகத்தின் பெயர் என்று பள்ளி அகராதியில் கண்டுபிடித்து, படத்தைக் காட்டி, வைசியாள் வீதி முழுவதும் பறைசாற்றியவர்கள் நீயும் நானும். உங்கள் திண்ணையில் அவர் கண்ணாடியைச் சன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு சவரம் செய்யும்போது, அந்த மிருகத்தை அவரே இந்தோசீனாவில் சுட்டதாகக்கூட நீ சின்னப் பையன்களிடம் கதை விட்டாய். அவர் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போலி முடி என்றதும் பெரியவள் பதறிவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அல்லவா? முதல் உலகப் போரின்போது வளைக்கரடி முடி கிடைக்காமல், ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை அதுபோல் தோன்றும்படி செய்து பிரஷ் கட்டியிருக்கிறார்கள். சரியாகக் கிருமி நீக்காத முடி. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் ஆந்த்ராக்ஸ் கண்டது. 1920இல் பிரிட்டன் ஜப்பானிய சவர பிரஷ்களின் இறக்குமதியையே தடை செய்தது. அப்பா வாங்கியது அதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தி, மர்சேயில். அதனால் பயமில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் 1930க்கு முந்திய பிரஷ் எதையும் முகத்தில் வைக்கமாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பரில் ஷாந்தியி பக்கம் காரில் போகும்போது காட்டோரச் சாலையில் ஒரு வளைக்கரடி அடிபட்டுக் கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். மருமகன் வண்டியை நிறுத்தினார். மழையில் முதுகு முடி பிரிந்திருந்தது. அடி வெளுப்பு, நடுவில் கறுப்பு, நுனி வெளுப்பு. என் அலமாரியில் நிற்பதே அங்கும் இருந்தது. முன்கால் நகங்கள் மண் தோண்டித் தோண்டித் தேய்ந்திருந்தன. இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி அதைக் கொல்வது குற்றம். இங்கே இன்னும் நாய்களை வளைக்குள் அனுப்பித் தோண்டி எடுத்து வேட்டையாடுகிறார்கள். பிரஷ்களுக்கான முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இருக்கும் ஒன்பதையும் கண்ணாகப் பார்த்துக்கொள்வேன், தேய்ந்து தீரும்வரை வைத்திருப்பேன். புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். சந்தைக்குப் போவதை மட்டும் விடமுடியவில்லை.

ஜெர்மன் கொத்தை உன் அப்பாவின் பிடியில் பொருத்தவில்லை. காரணம் அந்த வளைக்கரடி அல்ல, அதைப் பார்த்தது பிறகுதான். ஆகஸ்டிலேயே பழைய கொத்தை நீர்புகாத பசையில் அதே குழியில் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் காயவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து என் முகத்தில் போட்டுப் பார்த்தேன். அனுமதி கேட்காமல் செய்தேன், மன்னித்துக்கொள். பன்றி முடி புதிதாக இருக்கும்போது துடைப்பம்போல் விறைப்பாக இருக்கும். தினமும் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்துதான் நுனி பிளந்து இளகும். உன் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஒருநாள் விடாமல் பழக்கியது அது. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று பதக்கங்களை மாட்டிக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்குக் கிளம்பும் முன்பு இரண்டு முறை சவரம் செய்வாரே, அந்தக் காலைகளும் சேர்த்து. நுனி என் சில்வர்டிப்பின் அளவுக்கு மெத்தென்று இருக்கிறது. அதன் கீழே வளைக்கரடிக்கு வராத ஒரு உறுதி. சோப்பு இரண்டு சுற்றில் திரண்டு வந்தது. ஒன்பதில் இரண்டை மட்டும்தான் இதற்கு மேலே வைப்பேன். இதை உன் மனம் குளிர்வதற்காகச் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அதே சோப்பு, அதே பிளேடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கொத்தை யார் மாற்றச் சொன்னாலும் மாற்றாதே.

என் மைத்துனர் டிசம்பர் 3ஆம் தேதி புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொதிக்கும் தண்ணீரில் போடாதே, பசை விட்டுவிடும். சவரம் முடிந்ததும் நன்றாக அலசி உதறிவிட்டு, காற்றுப்படும் இடத்தில் வை. ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதே. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம், நீ அதில் சவரம் செய். உன் மகனுக்கு மீசை அரும்பிவிட்டதாகச் சொன்னாயே, அவனுக்கும் கொடு.

அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். அப்படியே அவரிடம் இன்னொன்றும் கேள். அப்பா சோப்பு வைத்திருந்த அந்த அலுமினியக் கிண்ணம், விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்குமே, அது இன்னும் வீட்டில் இருக்கிறதா?

அன்புடன்,
லூர்து