வர்ணனைக்கு அடியில் கோரஸைப் புதைக்காதீர்கள்

தொலைக்காட்சி ஆவணப்படத் தயாரிப்பாளர்களுக்கும் எடிட்டர்களுக்கும், மிக்ஸிங் வேலை பார்ப்பவர்கள் எழுதுவது.

திரையில் போர் மூண்டாலும் எரிமலை வெடித்தாலும் எடிட் மேசையில் முதலில் ஏறுவது ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் ‘ஓ ஃபார்ச்சூனா’தான். 1937இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறிய ‘கார்மினா புரானா’ என்ற கோரஸ் இசைப்படைப்பின் தொடக்கப் பாட்டு அது. நிலவைப்போல வளர்ந்து தேயும் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளும் வரிகள். போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போகட்டும், எங்கள் தலைவலி வேறு.

ஏறத்தாழ இரண்டரை நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் முழு ஓசை. உடனே குரல்கள் அடங்கி முணுமுணுப்பாக நெடுக ஓடி, கடைசிப் பத்தியில்தான் மறுபடி வெடிக்கும். உங்களுக்கு வேண்டியது வெடிப்பு மட்டும். அதனால் நடுப்பகுதியைக் கம்ப்ரஸ் செய்து, அதாவது உரத்த ஓசைக்கும் மெல்லிய ஓசைக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, தூக்குகிறீர்கள். அரங்கின் இரைச்சலும் பாடகர்களின் மூச்சும் சேர்ந்தே மேலே வருகின்றன. அதற்கும் மேல் வர்ணனை வேறு. சொல் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. கோரஸின் சொற்களும் அங்கேயேதான் விழுகின்றன. கோரஸை 10 டெசிபல் இறக்கினால் கம்பீரம் போய்விடும். இறக்காவிட்டால் வர்ணனை போய்விடும். ஐரோப்பிய ஒளிபரப்புப் பரிந்துரையான ஆர்128 கேட்கும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் என்ற ஒலி உரப்பு அளவு, நிகழ்ச்சி முழுவதற்குமான சராசரி. ஆகவே மீட்டர் பாஸ் சொல்லிவிடும். வீட்டில் பாட்டி ரிமோட்டைத் தேடுவார்.

வர்ணனையை முதலில் இறுதி செய்யுங்கள். பிறகு கோரஸுக்கென்று 8 முதல் 12 விநாடி வரை பேச்சில்லாத இடம் விடுங்கள். பேச்சுக்கு அடியில் முரசும் தாழ்ந்த தந்திகளும் போதும். குரல் வேண்டுமென்றால் ‘ஆ’, ‘ஊ’ என்ற உயிரொலி மட்டும். வெட்டுவதைப் பாடகர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டி, அரங்க எதிரொலி இரண்டு மூன்று விநாடி தானாக அடங்க விடுங்கள். அசையின் நடுவில் வெட்டியதை ஒன்று தேய மற்றொன்று எழும் எந்தக் கிராஸ்ஃபேடாலும் மறைக்க முடியாது.

அடுத்தது உரிமை. ஓர்ஃப் மறைந்தது 1982இல். ஐரோப்பாவில் 2052 முடியும் வரையும், இந்தியச் சட்டப்படி 2042 முடியும் வரையும் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவுக்குத் தனி அனுமதி. 1901இல் மறைந்த வெர்டியின் இரங்கல் திருப்பலி இசை யாருக்கும் பொது. ஆனாலும் நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒலிப்பதிவு பெரும்பாலும் அப்படி இருக்காது. டெம்ப் டிராக்கோடு, அதாவது தற்காலிகமாகப் போட்ட இசையோடு, வாரக்கணக்கில் வெட்டிவிட்டு, உரிமை கிடைக்காதபோது “அதே மாதிரி, ஆனா அது வேண்டாம்” என்று இசையமைப்பாளரிடம் கேட்பது அவருக்குக் கொடுமை, உங்களுக்கு வழக்கு ஆபத்து.

புதிதாகப் பதிவுசெய்யப் பெரிய கூட்டம் தேவையில்லை. 16 பேர், ஒவ்வொரு டேக்கிலும் இடம் மாறி நின்று மூன்று முறை பாடினால் தொலைக்காட்சிக்குத் தாராளம். சோப்ரானோ பாடகிகளின் உச்ச சுரங்களை நாளின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தொண்டை களைத்தால் சுருதி இறங்கும். ஹெட்ஃபோன் காதை இறுக்கி மூடட்டும், இல்லாவிட்டால் மெல்லிய இடங்களில் அதில் கேட்கும் தாளக் கிளிக் சத்தம் மைக்கில் ஏறும்.

குரல், தந்தி, தாளம் மூன்றையும் தனித்தனி ஸ்டெம்களாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்புகளாக, தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே ஸ்டீரியோ கோப்பாக வந்தபின் குரலை மட்டும் பிரிக்கச் சொன்னால், முரசின் எதிரொலியும் ஒட்டிக்கொண்டே வரும்.