ஊர் திரும்பாத வீரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கப் புராண வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சுவையான நடை. ஆனால் அமெரிக்கப் புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் வகுத்த சட்டகத்தை, அதாவது வீட்டைவிட்டுப் புறப்படுதல், சோதனைகளில் தேறுதல், ஊருக்கு ஒரு நன்மையோடு திரும்புதல் என்பதை, கட்டுரையாளர் ஹெர்குலிஸ், தீசியஸ், அகிலீஸ் எல்லோருக்கும் ஒரே அளவில் மாட்டிவிட்டார். திரைக்கதை வகுப்புகளில் இன்று மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் பாடம் இது. கிரேக்கர்கள் சொன்ன கதைகளிலோ, அந்த மூன்றாவது கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் கவிழ்கிறார்கள்.

காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் கொன்றுவிட்டுத் திரும்பும் தீசியஸ், கப்பலின் கறுப்புப் பாயை மாற்ற மறக்கிறான். மகன் இறந்தான் என்று நம்பித் தந்தை ஏகியஸ் உயிரை விடுகிறான். டிராய் நகரை வென்று வந்த மன்னன் அகமெம்னனை மனைவியும் அவள் காதலனும் தீர்த்துக்கட்டுகிறார்கள். தங்க ஆட்டுத்தோலைக் கொண்டுவந்த ஜேசன், மனைவி மெடியாவைக் கைவிட்டு, பிள்ளைகளையும் இழந்து, கடைசியில் அதே ஆர்கோ கப்பலின் உளுத்த மரம் மேலே விழுந்து சாகிறான். பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையில் பறந்த பெல்லரொஃபோனோ, மனிதர் கண்ணில் படாமல் வெட்டவெளியில் தனியே அலைகிறான். டிராய் போருக்குப் போன ஒடிசியஸ் திரும்பி வருகிறானே என்பார்கள். வருகிறான், கூடப் போனவர்களில் ஒருவரைக்கூட உயிரோடு அழைத்துவராமல். வந்ததும் தன் மனைவியை மணக்கக் காத்திருந்த 108 பேரையும் தன் வீட்டுக் கூடத்திலேயே கொன்று தள்ளுகிறான். ஊருக்கு இதில் என்ன நன்மை என்று அவன் ஊரான இத்தாக்காவின் மக்களைத்தான் கேட்க வேண்டும். கொல்லப்பட்டவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

ஹெர்குலிஸின் பன்னிரண்டு பணிகளை வரிசையாகச் சொன்ன கட்டுரையாளர், அவன் புத்தி பேதலித்துத் தன் பிள்ளைகளையே கொன்றதை ஒரு வரியிலும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கான புத்தகம் என்றால் மறைக்கலாம். அந்தக் கொலைக்குப் பரிகாரமாகவே பணிகள் வந்தன என்பது ஒரு மரபு. பணிகளை முடித்து வீடு வந்தபின் கொலை நடந்தது என்று நாடகமாக்கினார் யூரிபிடிஸ். யூரிபிடிஸின் வரிசைப்படி பார்த்தால், சோதனைகளில் தேறியது அவனுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. பணிகளை முடிக்க உதவிய அதே கை, அதே வில்.

அப்படியென்றால் இவர்களை ஏன் கொண்டாடினார்கள்? கட்டுரை தொடாமல் விட்ட இடம் கல்லறை. கிரேக்கர்களுக்கு வீரன் என்பவன் கதையில் வருபவன் மட்டுமில்லை. இறந்தபின்னும் ஒரு குறிப்பிட்ட மண்ணில் இருந்துகொண்டு நல்லதும் கெட்டதும் செய்யக்கூடியவன். அதனால் அவனுக்குப் பலி கொடுத்தார்கள், அவன் எலும்புகளைத் தேடிப் போய்ச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் பெலோப்ஸ் என்ற வீரனுக்கு ஆண்டுதோறும் கறுப்பு ஆட்டுக்கடா பலியிடப்பட்டது. அந்த இறைச்சியைத் தின்றவர் சீயஸ் கோயிலுக்குள் நுழையக்கூடாது என்றும் விதி இருந்தது. யார் இந்தப் பெலோப்ஸ்? மாமனாரின் தேர்ச்சக்கர அச்சாணியை எடுத்துவிட்டு மெழுகைச் செருகச் சொல்லித் தேரோட்டிக்குக் கையூட்டு கொடுத்துப் பந்தயத்தை வென்றவன், பிறகு அந்தத் தேரோட்டியையே கடலில் தள்ளியவன் என்கிறது ஒரு கதை. (கிரேக்கக் கவிஞர் பிண்டார் தன் பாடலில் இந்தக் கையூட்டுக்கு இடமே கொடுக்கவில்லை, கடல் தெய்வம் பொசைடன் தந்த குதிரைகளால் வென்றான் என்கிறார்.) நேர்மையான ஆட்டத்துக்கு வீரர்கள் சத்தியம் செய்த அந்த ஒலிம்பியாவில், சீயஸ் கோயிலின் முகப்புச் சிற்பமாக நின்றது பெலோப்ஸின் இந்தத் தேர்ப்பந்தயம்தான்.

இதைவிடத் திகைக்க வைப்பது கிளியோமீடிஸின் கதை. அஸ்டிபலாயா தீவைச் சேர்ந்த குத்துச்சண்டைக்காரன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிம்பியாவில் எதிராளியை அடித்தே கொன்றான். நடுவர்கள் வெற்றியைப் பறித்துக்கொண்டார்கள். துக்கத்தில் பித்துப்பிடித்து ஊர் திரும்பியவன், பள்ளிக்கூடத்தின் கூரையைத் தாங்கிய தூணைப் பெயர்த்துவிட்டான். உள்ளே ஏறத்தாழ 60 பிள்ளைகள். ஊரார் கல்லெறிந்து துரத்த, அதீனா கோயிலுக்குள் ஓடி அங்கிருந்த ஒரு பெட்டிக்குள் புகுந்து, மூடியை உள்ளிருந்தே இழுத்துப் பிடித்துக்கொண்டான். பலகைகளை உடைத்துப் பார்த்தபோது ஆளையே காணோம். குறி சொல்லும் கோயில் இருந்த டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் குறி கேட்டார்கள். வீரர்களில் அவனே கடைசி, இனி அவனுக்குப் பலியிட்டு வணங்குங்கள் என்று பதில் வந்தது. அப்படியே வணங்கினார்கள் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதுகிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் அந்தப் பலிக்கு வந்திருப்பார்களா? அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்பாடு, தேர்ச்சி, திரும்புதல் என்ற படிக்கட்டில் கிளியோமீடிஸை எந்தப் படியில் நிறுத்துவது? மனித அளவைத் தாண்டிய ஆற்றல் எங்கே தென்பட்டாலும் கிரேக்கர்கள் அஞ்சினார்கள், அஞ்சியதால் வணங்கினார்கள். அவர்கள் கேட்டது நல்லவனா கெட்டவனா என்பதை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சோஃபோக்ளிஸின் நாடகத்தில் தந்தையைக் கொன்ற, தாயை மணந்த ஈடிபஸின் புதைவிடம் ஏதென்ஸுக்கே காவலாக ஆவதும் இதனால்தான்.

கட்டுரையில் திருத்த வேண்டிய தகவல் ஒன்றும் உண்டு. அகிலீஸை அவன் தாய் குதிகாலைப் பிடித்து ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கி எடுத்த கதையும், டிராயை வீழ்த்திய மரக்குதிரையின் கதையும் ஹோமரின் இலியட்டில் இருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டும் அதில் இல்லை. ஆற்றில் முக்கிய கதையை ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் காண்கிறோம். மரக்குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியில் வருகிறது. இலியட், டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. அடுத்த இதழில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள்,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.