மூன்றடி தூரத்துப் பந்து

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோல்ஃபில் தனியாகப் பயிற்சி செய்யும்போது தவறாமல் விழும் மூன்றடி பட் (பந்தைப் புல்தரையில் குழியை நோக்கி மெல்ல உருட்டும் அடி), அலுவலகத்தார் சூழ்ந்து நிற்கையில் குழியின் விளிம்பைத் தொட்டு விலகிப்போகிறது என்றும், மனதை வெறுமையாக்கும்படி உன் பயிற்சியாளர் சொன்ன அறிவுரை பலிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கொடைக்கானலில் வங்கிப் பணியில் இருந்தபோது சில ஆண்டுகள் கோல்ஃப் ஆடியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வெறுமையாக்க முயலாதே. நினைக்காதே என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அந்தக் கட்டளையே இன்னொரு நினைப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் சிறியதாய் ஒரு வேலை கொடுத்துவிடுவதே மேல்.

18 குழிகளை ஆடி முடிக்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகிறது. மட்டை பந்தைத் தொட்டிருப்பதோ ஒரு நொடியில் 2000-இல் ஒரு பங்கு நேரந்தான். மீதிப் பொழுதெல்லாம் நடையும் கவலையும். சியான் பைலாக் என்னும் உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்கள் தம் மட்டையின் அசைவைக் கவனித்தபடி பந்தை உருட்டியபோது இருந்ததைவிட, ஒலிக்கும் தொனிகளைக் கேட்டபடி உருட்டியபோது குறி கூடுதலாக நேர்பட்டது. புதிதாய்க் கற்பவர்களுக்கு இது நேர்மாறாக அமைந்தது. நீ அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டாய் என்றே நினைக்கிறேன்.

ஆகவே சரிவையும் புல்லின் போக்கையும் பந்துக்குப் பின்னால் நின்றே கணித்து முடித்துவிடு. குனிந்த பிறகு எந்தத் திருத்தமும் வேண்டாம். பந்தின் பின்விளிம்பில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அடித்த பிறகும் கண்ணை அங்கேயே நிறுத்தி, பந்து குழியில் விழும் ஓசையைக் காதால் கேள். மொத்தப் புள்ளிக் கணக்கை அந்நேரம் தொடவே தொடாதே. சேலத்திலிருந்து ஏறும்போது இருபதாவது கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கொண்டே மூன்றாவதைத் திருப்பும் ஓட்டுநரின் பேருந்தில் உன் அம்மா ஏறுவாளா?

குழிக்குக் குழி நடக்கும்போது மனம் எங்கே போனாலும் போகட்டும். 4 மணி நேரமும் அதைக் கட்டி வைப்பது முனிவர்களாலும் ஆகாது. பயிற்சிக்கு ஒரு கூடைப் பந்துகளை வாங்கி வரிசையாக உருட்டாமல், ஒரே பந்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பின்னால் போய் நின்று முதலிலிருந்து தொடங்கு. அடுத்த போட்டிக்குப் பிறகு, எத்தனை விழுந்தன என்பதைவிட, குனிந்து நின்ற நேரத்தில் உனக்குள் என்ன ஓடியது என்று எழுது.

அன்புடன்,
அப்பா