தப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் பூட்டிக் கிடக்கும் பழைய பெரிய வீடுகளில் ஒன்றை நாட்டுப்புற இசைக்கான அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் தப்பு, உறுமி, பம்பை, உடுக்கை என்று கடிதம் முழுக்க வாத்தியங்களின் பட்டியலாகவே இருந்தது. எங்கள் பக்கத்துப் பாட்டில் பெரும்பாதிக்கு வாத்தியமே கிடையாது. நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் எந்தப் பெட்டியில் வைப்பது?

நான் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன். ஒரு சம்பா பருவத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் பாட்டிகளுக்குத் தெரிந்த நடவுப் பாட்டுகளை எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலோர் இரண்டு வரி, மூன்று வரியோடு வந்தார்கள். "ஆயாவுக்கு மறந்துபோச்சாம் சார்" என்பதுதான் பொதுவான பதில். ஒரு பெண் மட்டும் ஆறு பக்கம் கொண்டுவந்தாள். எப்படி என்று கேட்டேன். அவள் பாட்டியோடு நடவுக்கே போயிருக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது வராத பாட்டு, சேற்றில் குனிந்து முடிச்சைப் பிரித்து நாற்றை ஊன்ற ஆரம்பித்ததும் வரிசையாக வந்துவிட்டதாம். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு அது. தனியாக ஒருத்தியைப் பிடித்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். (அந்த நோட்டுகளை எல்லாம் பள்ளிக்கூட அலமாரியில் வைத்திருந்தேன். வெள்ளையடித்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. கிலோ என்ன விலைக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.)

ஒப்பாரி கதை வேறு. என் பெரியம்மா ஒப்பாரியில் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்து ஊர்களில் சாவு என்றால் அவரைத் தேடுவார்கள். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப யாருடா செத்தா? விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள உக்காந்து ஒப்பாரி வைக்கச் சொல்றியே" என்று விரட்டிவிட்டார். மறுநாள் காலை அவராகவே கூப்பிட்டுக் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து பாடினார். கால் மணி நேரப் பாட்டு அது. அந்த கேசட்டின் மேல் என் மகன் பிறகு சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டான். பையன் மேல் குற்றமில்லை, உறையில் நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் யார் பாடுவது? பாட்டுத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வீடு இன்னும் பத்து வருடம் தாங்கும், பாட்டிகள் தாங்க மாட்டார்கள். அதனால் முதலில் பதிவு, அப்புறம் கட்டடம் என்பதே என் கட்சி.

வாத்தியங்களுக்கும் ஒரு வார்த்தை. தப்பு என்பது மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் அதற்குக் குரல் வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த வட்டம்தான் மிஞ்சும். வாரம் ஒரு முறையாவது எடுத்துக் காய்ச்சி அடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும், சாவியும் அவர் கையில் இருக்க வேண்டும்.

சாவி என்று சொன்னது வேண்டுமென்றேதான். நான் வளர்ந்த தெருவில் தப்படிப்பவர்கள் திண்ணையைக்கூடத் தொடாமல் வாசலில் நின்று அடித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர்கள் கூலியாக நெல்லை முறத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள், கையில் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கூடத்தில் தப்பை மாட்டி, 'பாரம்பரியக் கலை' என்று அட்டை எழுதி வைத்து, அடிப்பவரை மட்டும் திறப்பு விழாவுக்கு வாசலில் வரவேற்பு மேளமாக நிற்க வைத்தால் அது பழைய கதையின் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். அவர் கூடத்தில் உட்கார்ந்து அடிக்கட்டும். இந்தக் கதையையும் அங்கேயே எழுதி வைக்கட்டும்.

வீட்டைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்பவர்கள் தேடுவது நன்றாகக் காய்ந்து முற்றிய ஆச்சா மரத்தை. அது பெரும்பாலும் இடித்த பழைய வீடுகளின் உத்தரத்திலிருந்தும் தூணிலிருந்தும்தான் கிடைக்கிறது. நம் தாத்தாக்களின் வீடுகள் பல ஏற்கெனவே கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருக்கின்றன! இடிகிற வீடுகள் அப்படியே போகட்டும். ஒன்றை மட்டும் நிற்க விடுங்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஏதென்ஸ் நகரத்தின் பிளாக்கா பகுதியில் 1842இல் கட்டிய லசானிஸ் மாளிகையில் கிரேக்க நாட்டுப்புற வாத்தியங்களுக்கு இப்படி ஓர் அருங்காட்சியகம் 1991இலிருந்து இருக்கிறது. ஃபீவோஸ் அனோயனாகிஸ் என்ற இசை ஆய்வாளர் சேர்த்த சுமார் 1200 வாத்தியங்கள் அங்கே உள்ளன. போய்ப் பார்த்துவந்த என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆட்டுத்தோல் பையில் ஊதும் குழலும், ஆடுமாடுகளின் கழுத்து மணியும் அங்கே வாத்தியங்கள்தான். பெட்டிக்குப் பக்கத்தில் ஹெட்போன் தொங்குகிறது. மாட்டிக்கொண்டால் அந்த வாத்தியத்தின் வாசிப்பைக் கேட்கலாம். முற்றத்தில் கச்சேரியும் நடக்கிறதாம். முற்றத்துக்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்? திருவாரூரில் சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த இடங்களுக்கு நினைவகம் இருக்கும்போது, நாற்று நட்டுக்கொண்டே பாடியவர்களுக்கு ஒரு கூடமும் ஒரு கொல்லையும் கேட்பது அதிகமில்லை. கொல்லை கட்டாயம் வேண்டும். ஒப்பாரியை வீட்டுக்குள் கேட்க வைத்தால் என் பெரியம்மா மன்னிக்க மாட்டார். இரண்டு குழி நிலமும் சேர்ந்திருந்தால் நடவுப் பாட்டுக்கு இடம் ஆயிற்று.

பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, இப்போது எழுபத்தாறு வயது. அம்மா பாடியதில் கொஞ்சம் நினைவிருக்கிறது என்கிறார், கிணற்றடியில் உட்காரவும் தயார். நன்றாகப் பதிவு செய்யத் தெரிந்த வாசகர் யாராவது குறுவை நடவுக்கு முன்னால் வந்தால் நல்லது. பகலில் வரச் சொல்லுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருவிடைமருதூர் வட்டம்.