வெண்டைக்காயை ஒடித்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். போன வாரம் மருமகள் அனுப்பிய போட்டோவில் நறுக்கி வைத்த வெண்டைக்காயைப் பார்த்தேன். விதை பிதுங்குகிற முற்றல். செல்போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் வீடு தேடி வருகிறது என்றாயே, அந்தக் காய்தானே? வண்டியில் கொண்டுவரும் பையனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு கிடங்கில் யாரோ எடைக்கு அள்ளிப் போட்டுக் கட்டியது. ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? அதைத் தின்னப்போவதும் அவர் இல்லையே.

என் வருத்தமெல்லாம், வந்தது முற்றல் என்று உங்கள் இருவருக்குமே தெரியவில்லை என்பதுதான். ஏமாந்தோம் என்று தெரியவே கொஞ்சம் விவரம் வேண்டும், தம்பி.

வெண்டை நுனி படக்கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் நார் பிடித்துவிட்டது. முருங்கைக்காய்க்கு நேர்மாறு: இரண்டு கையாலும் லேசாக முறுக்கினால் இளங்காய் வளைந்து கொடுக்கும், முற்றியது விறைத்து நிற்கும். ரொம்ப மெல்லிசாகவும் எடுக்காதே, உள்ளே சதை இருக்காது. கத்திரிக்காய்க்குக் காம்பு பச்சையாகவும் தோல் பளபளப்பாகவும் இருக்கணும். சிறு துளை தெரிந்தாலும் கீழே வைத்துவிடு. தேங்காயை ஆட்டிக் கேள், கண் பக்கம் ஈரம் கசிந்தால் வேண்டாம். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கை மலிவு என்று வாங்காதே. அந்தப் பச்சையோடு சேரும் நஞ்சு வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

1999 நவம்பரில் நம் மதுரை அண்ணா நகரில்தான் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். விளைவித்தவரே தராசு பிடித்து விற்கிற இடம். ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு நீயும் என்னோடு வருவாய். கீரைக்கார அம்மா உன்னிடம் இரண்டு கட்டைக் காட்டி, எது அரைக்கீரை என்று கேட்பார். வேரோடு பிடுங்கிக் கட்டியது சிறுகீரை, தண்டு அறுத்துக் கட்டியது அரைக்கீரை என்று சரியாகச் சொல்லுவாய். இப்போது கேட்டால் சொல்லுவாயா? பாப்பாவுக்கோ கீரை என்றாலே பிளாஸ்டிக் பையில் வருகிற பாலக்தான்.

சந்தையில் காயோடு சேதியும் கிடைக்கும். 2023-இல் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதே, அதற்கு முன்பே காய்க்கார அம்மா "வரத்து குறையுது, பாத்துச் செலவழிங்கக்கா" என்று சொல்லிவிட்டார். புளியைக் கூட்டினோம், மோர்க்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு என்று அந்த மாதத்தை ஓட்டினோம். உன் செல்போன் எந்த மாதத்திலும் எல்லாக் காயையும் காட்டும், விலையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பாய்.

நேரமில்லை என்பாய். நியாயம்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், பெங்களூர் டிராஃபிக்கை நானும் வந்தபோது பார்த்தேன், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. உப்பு, சோப்பு, பருப்பெல்லாம் செல்போனிலேயே வாங்கிக்கொள். காயை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயே போய் வாங்கு. மடிவாளா மார்க்கெட் உங்களுக்குத் தூரம் என்றால் தெருமுனைத் தள்ளுவண்டி போதும். பாப்பாவைக் கூட்டிப் போ. அவளே எடுக்கட்டும். இரண்டு சொத்தை வந்தால் வரட்டும், அவளைத் திட்டாதே. கன்னடத்தில் விலை கேட்கவும் அவள் உன்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வாள்.

தக்காளியை வாங்கியதும் ஃபிரிட்ஜில் திணிக்காதே, வாசம் போய்விடும். பழுக்கிற வரைக்கும் வெளியே இருக்கட்டும்.

மார்கழியில் உங்கள் ஊரில் அவரைக்காய் குவியுமே, அப்போது விடாதே. கையில் பிசுக்கு ஒட்டி, முகர்ந்தால் வாசம் தூக்குகிற காயாகப் பார்த்து வாங்கணும். அங்கத்துக்காரர்கள் முகராமல் எடுக்கவே மாட்டார்கள், பக்கத்தில் நின்று பார். உரித்த கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்க ஆள் இல்லையே என்று யோசிக்காதே. அப்பா இங்கே டிவி முன்னால் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், டிக்கெட் போடு, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா